இறப்புப் பதிவேட்டில் சுரண்டாத வரி

போன சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு நம் சபையின் உபதேசியார் போன் செய்தார். "அம்மா, அருள்தாஸ் ஐயா தவறிட்டாருங்க" என்றார். அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. நான் அழவில்லை, ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. "யாரு பார்த்தது?" என்று கேட்டேன். உபதேசியார் திகைத்துப்போனார். "வீட்ல எல்லாரும் இருக்காகம்மா" என்றார். "நீங்க பார்த்தீகளா? டாக்டர் வந்தாரா?" என்று மறுபடியும் கேட்டேன். "டாக்டர் வந்து பார்த்துட்டுப் போயிட்டாரும்மா. நானும் இங்கிட்டுத்தான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார். அதற்குப் பிறகுதான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

துக்கச் செய்தி சொன்னவரிடம் இப்படியா கேட்பது என்று உபதேசியார் நினைத்திருப்பார். எங்கள் இருவரையும் நாற்பது வருஷமாக அறிந்தவர்களுக்கு அது ஏன் என்று புரியும். மற்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அருள்தாஸ் அண்ணன் இலுப்பூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கிராம நிர்வாக அலுவலராக இருந்தார். நான் அதே ஊரில் சுகாதார நர்ஸ். அவருடைய ஆபீசுக்கும் என் துணை சுகாதார நிலையத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஊரில் பிறப்பு என்றால் முதலில் என்னிடம் வரும், இறப்பு என்றால் அவரிடம் போகும். "நர்ஸம்மா, நீங்க ஆளச் சேக்குறீங்க, நான் பேர வெட்டுறேன். ஊரு நம்ம ரெண்டு பேரு கையிலதான் ஓடுது" என்பார். ஞாயிற்றுக்கிழமை இலுப்பூர் ஆலயத்தில் அவரே வேதபாடம் வாசிப்பார். கணீர் குரல் என்று சொல்ல முடியாது, கொஞ்சம் மூக்கால் வரும். ஆனால் ஒரு எழுத்தை விழுங்க மாட்டார்.

ஒரு பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனை. வெயில் ஏறிவிட்டது, ஜனங்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள். அப்போது இருந்த போதகர் புதிதாக வந்தவர். மூத்த சீடர் ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலிக்கும் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மேலே வாசிக்கலாமே என்று காதோடு சொன்னார். அண்ணன் தாழ்மையாகத் தலையை ஆட்டிவிட்டு, "ஐயா, வேணும்னா பிரசங்கத்தக் கொஞ்சம் கொறைச்சுக்கங்க" என்றார். காதோடு சொன்னதற்குப் பதில் மூன்று வரிசைக்குக் கேட்டது. போதகரும் நல்ல மனுஷர், சிரித்துவிட்டார். "வெக்கப்படுற எடத்தையும் சேத்து வாசிக்கணும், இல்லாட்டி வாசிக்கவே கூடாது" என்பது அண்ணன் அடிக்கடி சொல்வது. அது அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்தக் கதையில் பாதி என்னுடையது.

எங்கள் ஊரில் வெள்ளைச்சாமி என்று ஒரு பெரியவர் இருந்தார். நோயில் விழுந்து, எங்கேயும் கொண்டுபோகாதே, என் வீட்டில்தான் உயிர் போகணும் என்று அடம்பிடித்துப் படுத்துவிட்டார். நான்கு நாளாகக் கஞ்சி இறங்கவில்லை. ஒரு மத்தியானம் அவர் மகன் முருகேசன் ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார். போனேன். வீடு முழுக்க ஒப்பாரி. ஒரு நிமிஷம் பிடித்துப் பார்க்க வேண்டிய கையைக் கால் நிமிஷம் பிடித்தேன். கை சில்லென்று இருந்தது, நாடி கிடைக்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். "முடிஞ்சிருச்சுப்பா" என்றேன். முருகேசன் அங்கிருந்து நேராக அண்ணன் ஆபீசுக்குப் போனார். மறுநாள் ஜமாபந்தி. கிராமத்தின் பதிவேடுகளை எல்லாம் மேலதிகாரி பார்வைக்குக் கொண்டுபோய் வைக்க வேண்டிய நாள். எதுவும் பாக்கி இருக்கக்கூடாது என்ற அவசரத்தில் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே இறப்புப் பதிவேட்டை எடுத்துப் பெயர், தகப்பனார் பெயர், வயது, காரணம் முதுமை என்று மையால் எழுதி முடித்தார்.

மூன்று மணிக்குப் பந்தல் போட்டாயிற்று. பெரியவரைக் குளிப்பாட்ட வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ராக்கம்மா திடீரென்று, "என்னையப் பாக்குறாரு! கண்ணத் தொறந்து பாக்குறாரு!" என்று கத்தினார். "துக்கத்துல பெனாத்துது, புடிச்சு அங்கிட்டு உக்கார வையுங்க" என்றார் ஒருவர். நான் அங்கேதான் நின்றேன். அந்த அம்மாளின் தோளைத் தொட்டு, "அப்புடித்தான் தோணும் ஆத்தா, மனசக் கல்லாக்கிக்கங்க" என்று புத்திமதி சொன்னேன். அடுத்த குடம் தண்ணீர் விழுந்ததும் பெரியவர் காலை இழுத்துக்கொண்டார். தண்ணீர் ஊற்றிய பங்காளி குடத்தைப் போட்டுவிட்டு ஓடியவர் கண்மாய்க் கரையில்தான் நின்றாராம். சங்கு ஊத வந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச்சாமி குடிக்கத் தண்ணீர் கேட்டார். சர்க்கரை கரைத்துக் கொடுத்தவள் நான்தான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார். என்னைப் பார்த்தால் போதும், "இந்தா, என்னைய அனுப்பி வச்ச அம்மா வருது" என்பார். ஊரே சிரிக்கும்.

சிரிப்பு எல்லாம் சரி, மையால் எழுதிய வரி பதிவேட்டில் கிடக்கிறதே! ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பிளேடால் சுரண்டிவிடுங்கள் என்றார் ஒருவர். தண்ணீர் பட்டுக் கலங்கிவிட்டது என்று சொல்லிவிடுங்கள் என்றார் இன்னொருவர். அண்ணன் எதற்கும் சம்மதிக்கவில்லை. "தப்பச் சுரண்டுனா, நாளைக்கு நான் எழுதுன உண்மையையும் எவனும் நம்ப மாட்டான்" என்றார். எழுதிய வரியைத் தொடக்கூடாது, திருத்தத்தை ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது பதிவேட்டின் விதி. விதிகள் எல்லா ஆபீசிலும் இருக்கின்றன, கடைப்பிடிக்கத்தான் ஆள் வேண்டும். அன்று சாயங்காலமே ராக்கம்மா, முருகேசன், தண்ணீர் ஊற்றிய பங்காளி, சங்கு ஊதுபவர் என்று நான்கு பேரிடம் வாக்குமூலம் வாங்கினார்.

நான்கும் நான்கு விதமாக இருந்தன. ராக்கம்மா கண் முதலில் திறந்தது என்றார். சங்கு ஊதுபவர் கால்தான் முதலில் அசைந்தது என்றார். முருகேசனுக்கு அப்பா தண்ணீர் கேட்டது மட்டும்தான் ஞாபகம் இருந்தது. பங்காளி, "பயந்து ஓடிட்டேன்னு எழுதிக்கங்க சார், பொய் எதுக்கு" என்றார். எல்லாவற்றையும் சொன்னபடியே எழுதித் தாசில்தாருக்கு வைத்துவிட்டு, ஓரக்குறிப்புக்கு ஒரு வரைவு எழுதினார். ஒருவர் சொன்னதைக் கேட்டு, நேரில் போய்ப் பாராமல் நான் எழுதியது தவறு, இவர் உயிரோடு இருக்கிறார். அவ்வளவுதான்.

அந்த வரைவை என்னிடம் காட்டினார். என் பெயரும் வருமோ என்று அதை இரண்டு தடவை வாசித்தேன். வேலைக்குச் சேர்ந்து அதிக வருஷம் ஆகவில்லை. "அண்ணே, என் பேர எழுதாதீங்க" என்று கேட்டேவிட்டேன். "எழுதுறவன் நான். போயிப் பாக்காதது என் தப்பு. ஒங்க பேரு இதுக்கு வேண்டியதில்ல" என்றார். ஜமாபந்தியில் அதிகாரி அதைப் படித்துக் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தாராம். சிரித்து முடித்துவிட்டு மெமோவும் கொடுத்தார். அண்ணன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். அவர் அன்று எழுதாமல் விட்ட எஸ்தர் என்ற என் பெயரை இன்று நானே எழுதிவிட்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் என் கணவர் தங்கராஜ் இறந்தார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தில் வெண்டைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் உட்கார்ந்தார், சாய்ந்தார். ஒரு முறை கோட்டை விட்டவள் இல்லையா நான்? அவர் கையை முழு நிமிஷம் பிடித்தேன், மூன்று தடவை. மார்பில் காது வைத்தேன். டாக்டர் வந்து சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அதில் எந்தத் தவறும் இல்லை. தவறு இருந்திருக்கக் கூடாதா என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு ஆலயத்துக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. ஆனால் எல்லோரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது, சரீரம் உயிர்த்தெழும் என்று வரும் இடத்தில் என் வாய் மூடிக்கொள்ளும். எத்தனை பிணத்தைப் பார்த்தவள். தெரிந்துகொண்டே எப்படிச் சொல்வது? இதை ஒருவரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அண்ணன், தன் மனைவி கிரேஸ் அண்ணி அவித்துக் கொடுத்த பனங்கிழங்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்து நாரை உரித்துக்கொண்டே, "நர்ஸம்மா, அந்த எடம் வந்தா வாய மூடிக்கிறீங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "செத்தா செத்ததுதான் அண்ணே. நான் பார்த்ததுல எந்திரிச்சவரு ஒருத்தருதான், அவரும் சாகவே இல்ல" என்றேன்.

"அது நம்ம ரெண்டு பேரு தப்பு" என்று சிரித்தார்.

"அதத்தான் கேக்குறேன். ஏசுசாமியும் வெள்ளைச்சாமி மாதிரி மயங்கிக் கெடந்து எந்திரிச்சிருந்தா?" ஆலயத்தில் பாடம் வாசிப்பவர் இதைக் கேட்டு முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அடுத்த கிழங்கை எடுத்தார்.

"வெள்ளைச்சாமி எந்திரிச்சதப் பார்த்து ஊருல யாருக்காச்சும் சாவு பயம் போச்சா? ரெண்டு மாசம் நீங்கதான் போயி ஊசி போட்டீங்க. பாவம்னு சொன்னோம். ரெண்டு வருசத்துல செத்தாரு, அத நேருல போயிப் பார்த்துச் சரியா எழுதுனேன். ஏசுசாமியோட சீடருக அப்புடியா? கதவச் சாத்திக்கிட்டுப் பயந்து கெடந்தவுக வெளிய வந்து, உசுரு போனாலும் பார்த்தோம் பார்த்தோம்னு சொல்லிருக்காக. அரை உசுரா வந்த நோயாளியப் பார்த்து அந்தத் தைரியம் வராது."

"அவுக ஆளுகளே எழுதுனதுதானே. சாதகமாத்தான் எழுதுவாக."

"சாதகமாவா? மூத்த சீடரு சத்தியம் பண்ணி மறுதலிச்சத எழுதிருக்கு. கூட இருந்தவுக ஓடிப்போனத எழுதிருக்கு. மொதல்ல பார்த்தது பொம்பளைக, அவுக வந்து சொன்னத ஆம்பளைக நம்பலன்னும் எழுதிருக்கு. பொம்பள சொன்னா எடுபடாத காலம் நர்ஸம்மா அது. கதை கட்டுறவன் இதையெல்லாம் பிளேடு வச்சுச் சுரண்டிருப்பான். சுரண்டாம விட்டுருக்காக. அதனாலதான் அந்தக் கையெழுத்த நான் நம்புறேன்."

"நாலு பேரு நாலு விதமா எழுதிருக்காகளே?"

"நம்ம நாலு பேரு எப்புடிச் சொன்னாக? நாலு வாக்குமூலமும் வரிக்கு வரி ஒண்ணா இருந்துருந்தா, எவனோ சொல்லிக்குடுத்துருக்கான்னு நானே கிழிச்சுப் போட்டுருப்பேன். கண்ணா காலான்னுதான் வித்தியாசம், எந்திரிச்சதுல வித்தியாசம் இல்ல. அப்போஸ்தலர் பவுல் சபைக்குக் கடுதாசி எழுதுறப்ப, பார்த்தவுக நெறைய பேரு இன்னும் உசுரோட இருக்காகன்னு எழுதுறாரு. பொய் சொல்றவன் போயி விசாரிச்சுக்கன்னு ஆளக் காட்டுவானா?"

அவர் உரித்துப்போட்ட நாரை நான் வாரி எடுத்தேன். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டேன். "இதெல்லாம் இருக்கட்டும் அண்ணே. எங்க வீட்டுக்காரரு எந்திரிப்பாரா? நான் அவரப் பாப்பேனா?"

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டார். "அத நான் கண்ணால பாக்கல நர்ஸம்மா. பாக்காம எழுதி ஒரு தடவ பட்டது போதும். ஒருத்தரு எந்திரிச்சத, பார்த்தவுக சொல்லிருக்காக. அவுக சொன்னத நான் நம்புறேன். அவரு, மத்தவுகளும் எந்திரிப்பாகன்னு சொல்லிருக்காரு. அவரு எந்திரிச்சது நெசம்னா, அந்தப் பேச்சும் நெசம். நான் நிக்கிறது அவ்வளவு எடத்துலதான்." வாசலில் செருப்பைப் போடும்போது திரும்பி, "அந்த வரி வந்தா சும்மா நில்லுங்க. சொல்லணும்னு இல்ல. பக்கத்துல நிக்கிறவுக ஒங்களுக்கும் சேத்துச் சொல்லுவாக. நான் போயிட்டு வாரேன்" என்றார்.

அன்றைக்கே எனக்கு எல்லாம் தெளிந்துவிட்டது என்று எழுதினால் அது சுரண்டி எழுதியது ஆகிவிடும். தெளியவில்லை. அவர் சொன்னபடி சும்மா நின்றேன், மாதக் கணக்கில், வருஷக் கணக்கில். என் பக்கத்தில் நின்ற பெண்கள் எனக்கும் சேர்த்துச் சொன்னார்கள். அண்ணன் அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மருமகள் சமையல், முழங்கால் வலி, கீரனூர் பஸ்ஸில் இடம் கிடைக்காதது என்று மற்ற எல்லாவற்றையும் பேசினார்.

நானாக நான்கு சுவிசேஷங்களின் கடைசிப் பக்கங்களையும் எடுத்து வாசித்தேன். நர்ஸ் வாசிப்பதுபோல்தான், எங்கே இடறும் என்று பார்த்துக்கொண்டு. கல்லறைக்குப் போன பெண்கள் ஓடிவந்து சொன்னதும், கூடியிருந்தவர்கள் அதை வீண் பேச்சு என்று தள்ளிவிடும் இடத்தில் நின்றுவிட்டேன். ராக்கம்மா தோளில் நான் வைத்த கை ஞாபகம் வந்தது. பார்த்தவள் பார்த்ததைச் சொன்னாள். படித்தவள், அனுபவம் உள்ளவள், நான் நம்பவில்லை. அந்த அறையில் நானும் ஒருத்தியாக இருந்திருப்பேன், ஆறுதல் வேறு சொல்லியிருப்பேன். என்னைப் போன்றவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை அவ்வளவு சரியாக எழுதியவர்கள், அடுத்த வரியில் மட்டும் பொய் சொல்லியிருப்பார்களா? எனக்குத் தோன்றவில்லை.

போன வருஷம் ஈஸ்டர் அன்று விடியலில் வழக்கம்போல எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்துப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். தங்கராஜின் கல்லறைப் பக்கம் நான் நின்றேன். அண்ணன் தன் மூக்குக் குரலில் பாடத்தை வாசித்து முடித்தார். விசுவாசப் பிரமாணம் சொன்னார்கள். அந்த வரி வந்தது. சொல்ல வேண்டும் என்று நான் முடிவெதுவும் செய்யவில்லை, சொல்லிக்கொண்டிருந்தேன். சத்தமாகவே வந்தது. அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முடிந்து காப்பி கொடுக்கும்போது மட்டும் என் டம்ளரைத் தானே நீட்டி, "சூடா இருக்கு, பாத்து" என்றார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் அவர் இடியாப்பம் சாப்பிட்டிருக்கிறார். மறுநாள் ஆலயத்தில் வாசிக்க வேண்டிய பாடத்தைச் சத்தமாக ஒருமுறை வாசித்துப் பார்த்திருக்கிறார். தண்ணீர் கேட்டிருக்கிறார். கிரேஸ் அண்ணி கொண்டுவருவதற்குள் போய்விட்டார். எழுபத்தெட்டு வயது, படுக்கையில் ஒரு நாள் இல்லை. இதைவிட நல்ல சாவு கேட்க முடியாது என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள், சரிதான். ராக்கம்மாவின் பேரப்பிள்ளைகள் மாலையோடு வந்திருந்தார்கள். தாலுகா ஆபீசிலிருந்து இன்றைக்கு வேலையில் இருப்பவர்கள்கூட வந்திருந்தார்கள்.

அடக்கத்துக்கு எடுப்பதற்கு முன்னால் அண்ணி என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். காலையிலிருந்து ஆளாளுக்கு வந்து, பரலோகத்தில் பார்ப்பீர்கள் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார். என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி, "எஸ்தரு, நீ சொல்லு. நான் இவரப் பாப்பேனா? சும்மா ஆறுதலுக்குச் சொல்லாத, ஒனக்குத் தெரியும்" என்றார்.

ஆறுதல் சொல்வது எனக்குத் தொழில். முப்பது வருஷம் சொல்லியிருக்கிறேன். அண்ணிக்கு அது வேண்டியிருக்கவில்லை. "சில நாளைக்கு எனக்கு ஆட்டம் கண்டுரும் அண்ணி" என்றேன். "ஆனா நம்புறேன். பார்த்தவுக சொன்னத நான் நம்புறேன். நீங்க அண்ணனப் பாப்பீங்க. நான் எங்க வீட்டுக்காரரப் பாப்பேன்."

அண்ணி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரி, எந்திரி, நேரமாச்சு" என்று என்னையும் தூக்கிவிட்டுத் தானும் எழுந்தார்.

அருள்தாஸ் அண்ணனை அறிந்தவர்களே, ஆளுக்கு ஒன்று அவரிடமிருந்து நீங்கள் வைத்திருப்பீர்கள். நான் வைத்திருப்பது அண்ணிக்குச் சொன்ன அந்தப் பதிலைத்தான். ஐந்து வருஷம் என் வாயில் வராத வார்த்தை அது. என்னை அவசரப்படுத்தாமல் அவர் காத்திருந்ததால்தான் அது என்னிடம் இருந்தது, அவர் மனைவி கேட்டபோது என்னால் எடுத்துக் கொடுக்க முடிந்தது.